புற ஊதா ஒளியில் ஒளிரும் பச்சை: கவர்ச்சியும் பாதுகாப்பும்

பகல் வெளிச்சத்தில் எளிதில் புலப்படாமல், 'பிளாக் லைட்' எனப்படும் புற ஊதா விளக்கின் கீழ் மட்டும் ஒளிரும் பச்சையை இளைஞர்கள் சிலர் விரும்பிக் குத்திக்கொள்கின்றனர். செஞ்சி வட்டாரத்திலுள்ள இளைஞர்களும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இதுபற்றி அறிந்திருக்க வேண்டியவை இங்கு விளக்கப்படுகின்றன.

எவ்வாறு ஒளிர்கிறது?

மையிலுள்ள ஒளிர்சாயம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. விளக்கை அணைத்தவுடன் ஒளிர்வும் நின்றுவிடும். விளக்கின்றி இருட்டில் தானே ஒளிரும் எனக் கூறி விற்கப்படும் மை வேறு வகையைச் சேர்ந்தது. அதனைத் தோலுக்குள் செலுத்துதல் கூடாது.

பழைய பச்சைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பச்சை குத்துதல் தமிழகத்திற்குப் புதிதன்று. விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் குறத்தியர் குத்திய கோலங்களை மூதாட்டியர் கைகளில் இன்றும் காணலாம். இன்று கருவியும் மையும் மாறியுள்ளன. மை தங்கும் இடம் மாறவில்லை. இரு முறைகளிலும் ஊசி மேல்தோலைத் துளைத்துக் குருதிக் குழாய்கள் உள்ள உள்தோலை அடைகிறது. எனவே தூய்மையற்ற ஊசியால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும்.

முற்றிலும் மறைந்திருக்குமா?

பணியிடத்திலும் வீட்டிலும் வெளித்தெரியாது என்பதே இதன் முதன்மைக் கவர்ச்சி. ஆயினும் குத்திய இடத்தில் தழும்பு தெரியலாம். நாளடைவில் மை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறலாம். வெயிலால் ஒளிர்வு குறையலாம். இந்திய இராணுவம் நிலையான பச்சையைப் பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதிக்கிறது. சீருடைப் பணிக்கு ஆயத்தமாவோர் உரிய விதிகளை முன்னரே அறிதல் நலம்.

மை பாதுகாப்பானதா?

ஒளிர்மையின் நீண்டகால விளைவுகள் குறித்த ஆய்வுகள் மிகக் குறைவு. தோலுக்குள் செலுத்துவதற்கென எந்த நிறமிக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு நுண்ணுயிரித் தோல்தொற்று ஏற்பட்டது. தயாரிப்பின்போதே மாசுபட்டிருந்த மை அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஊசி புதியதாக இருத்தல் மட்டும் போதாது என்பதை இது உணர்த்துகிறது.

பராமரிப்போர் கவனத்திற்கு

கண்ணுக்குத் தெரியாத பச்சையைக் குடும்பத்தினரும் மருத்துவரும் கவனிக்கத் தவறலாம். காரணம் புலப்படாத தடிப்பு, அரிப்பு, கட்டி ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுகும்போது பச்சை குத்திக்கொண்டதைத் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். கருநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல், கருமையாகத் தோன்றலாம். ஆகவே வெப்பம், வீக்கம், வலி ஆகியவற்றைத் தொட்டு அறிக. பிள்ளைகளைக் கடிந்துகொள்வதால் அவர்கள் தொற்றை மறைக்க நேரிடும். கனிவாகக் கேட்டறிதல் நன்று.

தவிர்க்க வேண்டியோர்

• 18 வயது நிறைவடையாதோர், கருவுற்றோர்
• தடித்த தழும்பு ஏற்படும் இயல்புடையோர்
• கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு அல்லது தோல் நோய் உள்ளோர்
• குருதி உறையாமை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் (மருத்துவரின் அறிவுரையின்றி)

குத்திக்கொள்வதற்கு முன்

• மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொள்க. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை.
• ஊசி உறை கண்முன்னே பிரிக்கப்படுவதையும், மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்படுவதையும் உறுதி செய்க. திருவிழாக் கூட்டங்களில் ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தும் இடங்களைத் தவிர்க்க.
• மையின் பெயரையும் தொகுதி எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்க. சென்னையிலோ புதுச்சேரியிலோ குத்திக்கொண்டு ஊர் திரும்பிய பின் ஒவ்வாமை தோன்றினால் இவ்விவரம் மருத்துவருக்கு உதவும்.
• லேசர் மூலம் அகற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி முடிவெடுக்க வேண்டாம். வெளிர் மைகளை அகற்றுதல் கடினம். சில வெண்ணிற மைகள் லேசர் பட்டுக் கறுத்துவிடுகின்றன.

குத்திக்கொண்ட பின்

புண் ஆறும்வரை மிதமான சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுக. மஞ்சள், சாம்பல், எண்ணெய் ஆகியவற்றைப் பூச வேண்டாம். கிணறு, ஏரி, குளம் ஆகியவற்றில் குளிப்பதைத் தவிர்க்க. ஒளிர்கிறதா என அறியப் புண்ணின் மீது அடிக்கடி புற ஊதா விளக்கைப் பாய்ச்ச வேண்டாம். 12 மாதங்களுக்குக் குருதிக்கொடை அளித்தல் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம், வாரக்கணக்கில் நீடிக்கும் தடிப்பு ஆகியவை இருப்பின் செஞ்சி அரசு மருத்துவமனையை அணுகவும். கூடுதல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். பிறருக்குப் பயன்படுத்திய ஊசியால் குத்தப்பட்டதாக ஐயம் ஏற்பட்டால் காலம் தாழ்த்தாதீர், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கவும்.