ஒய் எங்கே?

மணவாள நகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் மருமகன் திருத்திய விடைத்தாளை நீட்டினான். "விடை சரிதானே மாமா? அப்புறம் ஏன் மார்க்கு போச்சு?"

கணக்கு இது. ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்ந்து 90 பேர். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இரு மடங்கு. தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் காத்து நிற்கும் ஊரில் இது வெறும் கணக்கில்லை. பையன் நிரந்தரமானவர்களை எக்ஸ் என்றும் மற்றவர்களை 2 எக்ஸ் என்றும் வைத்து, 30, 60 என்று முடித்துவிட்டான். பக்கத்தில் சிவப்பு மையில் "ஒய் எங்கே?"

இந்தக் கேள்வியைப் பாஸ்கராச்சாரியரிடமும் கேட்டிருக்கலாம். 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'பீஜகணிதம்' நூலில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். "எனக்கு 100 கொடு, உன்னைப்போல் இரு மடங்கு பணக்காரன் ஆவேன்" என்கிறான் ஒருவன். "நீ 10 கொடுத்தால் நான் உன்னைப்போல் ஆறு மடங்கு" என்கிறான் மற்றவன். நாம் உடனே இரண்டு எழுத்து எடுப்போம். பாஸ்கரர் எடுப்பது 'யாவத்தாவத்' என்ற ஒன்றை மட்டும், சுருக்கமாக 'யா'. முதல்வனிடம் 2 யா கழித்தல் 100, அடுத்தவனிடம் யா கூட்டல் 100. 100 கைமாறினால் 2 யா, யா. முதல் பேச்சு தானாகவே பலித்துவிட்டது! இரண்டாவதில் போட்டால் யா 70. ஆகவே 40, 170.

பிரதியிடல் முறையின் உயிர் இதுதான். ஒன்றை மற்றொன்றின் பேரால் சொல்லிவிட்டால், தெரியாதது ஒன்றுதான் மிஞ்சும்.

அப்படியானால் ஒய் வீணா? இல்லை. அவருக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில் எழுதிய மகாவீரர் கேட்கிறார்: 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் 107; 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101. விலை என்ன? இங்கே ஒன்றிலிருந்து மற்றதைச் சொல்லப் போனால் பின்னம் வந்து நிற்கும். இரண்டுக்கும் தனிப் பெயர் இருந்தால்தான் கை நடுங்காமல் எழுத முடியும். மகாவீரர் விதியையே தருகிறார்: 107ஐ 9ஆல் பெருக்கி, 101ஐ 7ஆல் பெருக்கியதைக் கழி, 9, 7 ஆகியவற்றின் வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகு. 963 கழித்தல் 707, அதாவது 256. அதை 32ஆல் வகுத்தால் 8. நாரத்தை 8, விளாம்பழம் 5. நாம் பிரதியிட்டு, பின்னத்தைப் போக்கினாலும் அதே 963, 707, 32தான் வந்து நிற்கின்றன. விதிக்குள் வழி ஒளிந்திருக்கிறது. இந்த 'கணிதசாரசங்கிரகம்' 1912இல் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில்தான் அச்சானது.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' இவர்களுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. எண்குச்சிகளை அடுக்கி இதே வகைக் கணக்குகளைத் தீர்த்தது. யார் முதல் என்பதல்ல விஷயம். ஒரே விடைக்குப் பல வாசல் உண்டு என்பதைத்தான் வரலாறு சொல்கிறது. சிவப்பு மை ஒரு வாசலைச் சாத்திவிட்டது.

பாஸ்கரர் கதையைச் சொன்னதும் பையன் சிரித்தான். "அவருக்கும் பாதி மார்க்குதானா மாமா?" பிறகு அவனே நோட்டைத் திறந்து, இந்த முறை ஒய்யையும் வைத்து ஒருதரம் போட்டுப் பார்த்தான். அதே 30, அதே 60.