எஸ். எம். சுப்பையா நாயுடு

எஸ். எம். சுப்பையா நாயுடு (மார்ச் 15, 1914 - மே 26, 1979) தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளர் ஆவார். கோயம்புத்தூரில் திரைப்படத் தொழில் செழித்திருந்த காலத்தில் அந்நகரின் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ ஆகியவற்றில் உருவான பல படங்களுக்கு இசையமைத்தவர். எம். எஸ். விஸ்வநாதனின் திறமையை முதலில் இனங்கண்டவரும் இவரே. இவரது பாடல்கள் பரவலாக அறியப்பட்ட அளவுக்கு இவரது பெயர் அறியப்படவில்லை.

வாழ்க்கை

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கடையநல்லூரில் பிறந்தார். இளம் வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, பின்னர் திரைத்துறைக்கு வந்தார். கோவை சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனம் தயாரித்த படங்களுக்கு இசையமைத்தார். பட்சிராஜா ஸ்டூடியோவின் உரிமையாளரும் இயக்குநருமான எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு வேறொருவர். தலைப்பெழுத்துகள் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகக் கருதிக் குழம்புவதுண்டு.

இசைப்பணி

எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947), கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமான கன்னியின் காதலி (1949), டி. எம். சௌந்தரராஜன் பின்னணி பாடத் தொடங்கிய கிருஷ்ண விஜயம் (1950) ஆகிய மூன்று படங்களிலும் இவர் இசையமைப்பாளராகப் பணியாற்றினார். கன்னியின் காதலி, வேலைக்காரி, மர்மயோகி போன்ற படங்களில் சி. ஆர். சுப்பராமனுடன் இணைந்து இசையமைத்தார்.

பட்சிராஜா நிறுவனத்தின் மலைக்கள்ளன் (1954) நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தை அடிப்படையாகக் கொண்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. எம். ஜி. ஆருக்கு டி. எம். சௌந்தரராஜன் முதலில் பின்னணி பாடியது இப்படத்தில்தான். பின்னர் பல ஆண்டுகள் நீடித்த அக்குரல் இணை சுப்பையா நாயுடுவின் இசையில் தொடங்கியது.

கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் இடம்பெற்ற "சிங்கார வேலனே" பாடல் இவருடைய இசைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆபேரி இராகத்தில் அமைந்த இப்பாடலில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுவரமும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்கின்றன. இதன் மூலம் ஜானகி தமிழ்நாட்டில் பெரும்புகழ் அடைந்தார்.

எம். எஸ். விஸ்வநாதனுடன் தொடர்பு

சென்ட்ரல் ஸ்டூடியோவில் விஸ்வநாதன் எடுபிடி வேலைகள் செய்யும் சிறுவனாக இருந்தார். அபிமன்யு (1948) படத்தின் ஒரு பாடலுக்கு மெட்டு அமையாதிருந்தபோது, அச்சிறுவன் ஆர்மோனியத்தில் வாசித்த மெட்டைக் கேட்ட சுப்பையா நாயுடு அதையே பயன்படுத்திக்கொண்டார். சிறுவனின் மெட்டு என்றால் ஏற்கமாட்டார்கள் என்பதால் அது இவர் பெயரிலேயே வெளிவந்தது. ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது, அம்மெட்டை அமைத்தவர் விஸ்வநாதன் என்பதை உரிமையாளர் சோமசுந்தரத்திடம் தெரிவித்து, அவரைச் சென்னைக்கு அழைத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தார். விஸ்வநாதனின் திரைவாழ்வுக்கு இப்பரிந்துரையே வழிவகுத்தது.

1960களில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை தமிழ்த் திரையில் ஓங்கியிருந்தபோது சுப்பையா நாயுடுவின் வாய்ப்புகள் குறைந்தன. இறுதிக்காலத்தில் இவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணிய விஸ்வநாதன், மறைவுக்குப் பின் மகனாக நின்று இறுதிச் சடங்குகளையும் செய்தார்.

இசையமைத்த சில திரைப்படங்கள்

- ராஜகுமாரி (1947)
- அபிமன்யு (1948)
- வேலைக்காரி (1949)
- கன்னியின் காதலி (1949)
- கிருஷ்ண விஜயம் (1950)
- ஏழை படும் பாடு (1950)
- மர்மயோகி (1951)
- மலைக்கள்ளன் (1954)
- நாடோடி மன்னன் (1958)
- மரகதம் (1959)
- கொஞ்சும் சலங்கை (1962)
- கல்யாணியின் கணவன் (1963)
- ஆசை முகம் (1965)
- மன்னிப்பு (1969)
- தலைவன் (1970)