சொல்லாமல் சொன்ன பொய்ச்சான்று

1988ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷை ஆதரித்த தனிக்குழு ஒன்று, அரை நிமிடத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு கறுப்பினத்தவரின் முகம் தோன்றியது. அவர் வில்லியம் ஹார்ட்டன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவர். 1986இல் வார இறுதி விடுப்பில் சென்றவர் சிறைக்குத் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்தார். எதிர் வேட்பாளரான மைக்கேல் டுகாக்கிஸ் அம்மாநில ஆளுநர்.

குற்றம் உண்மையே. விளம்பரத்தில் இனம் என்ற சொல்லே இல்லை, படம் பேசியது. இத்தகைய விடுப்பு வேறு பல மாநிலங்களிலும் இருந்தது என்பதும், மாசச்சூசெட்சில் அது 1972இல் புஷ்ஷின் கட்சி ஆளுநர் காலத்திலேயே தொடங்கியது என்பதும் மறைக்கப்பட்டன. ஒருவரின் குற்றம் ஓர் இனத்தின் இயல்பாகத் தோன்றியது. உண்மைகளைக் கோத்தே பொய்ச்சான்று சொல்லலாம். எட்டாம் கட்டளை இதையும் விலக்குகிறது.

இனவெறி தென்மாநிலத்தாரின் நோய் என்று சொல்லி வடமாநிலத்தார் கைகழுவுவதுண்டு. அதுவும் பொய்ச்சான்றே. 1966 ஆகஸ்ட் 5 அன்று மார்ட்டின் லூதர் கிங் கல்லடிபட்டது வடக்கேயுள்ள சிகாகோவில். வெள்ளையினக் கத்தோலிக்கர் மிகுந்து வாழ்ந்த பகுதி அது. அவரோடு நடந்த குருக்களும் கன்னியரும்கூட வசைபாடப்பட்டனர். கல்லெறிந்தவர்களுள் ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோரும் இருந்திருப்பர் என எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

ஹார்ட்டன் செய்தியைத் தேர்தல் ஆயுதமாக்கியவர் புஷ்ஷின் பரப்புரை மேலாளர் லீ ஆட்வாட்டர். 1990இல் மூளைக்கட்டி அவரை வீழ்த்தியது. நோயுற்ற நாள்களில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1991இன் தொடக்கத்தில் தமது கொடுமைக்காக டுகாக்கிசிடம் இதழொன்றின் வாயிலாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மார்ச் 29 அன்று, நாற்பதாம் வயதில் இறந்தார்.

அம்மனமாற்றத்தை எடைபோட நாம் யார்? எனினும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தோற்ற வேட்பாளரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அந்த முகத்தால் பழிசுமந்த மக்களிடம் கேட்டவர் யார்? பிறர் பெயரைக் கெடுத்தவர் அதனை ஈடுசெய்யவும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. பாவ அறிக்கையில், செய்யத் தவறியவற்றையும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். பழி பரப்பியவருக்கு மட்டுமன்று, அதைக் கேட்டு உள்ளூர நம்பி வாளாவிருந்தவருக்கும் அவ்வறிக்கை உரியதே.