புதுவையிற் சப்பாத்து வழக்கு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. ஆடை குளிருக்கும் நாணுக்கும் மட்டும் அமைந்ததன்று. இன்னார் இன்ன நிலையினர் என ஊரார்க்கு அறிவிக்கும் அடையாளமாகவும் நெடுங்காலம் வழங்கிற்று. ஐரோப்பியக் கலப்பு மரபினரைச் 'சட்டைக்காரர்' என நம்மவர் அழைத்தமையே இதற்குச் சான்றாம். புத்துடை புகுந்த வரலாற்றை வெறும் மோகமென்று தள்ளுவோர், அதனுள் அடங்கிய மானப் பொருளைக் காணாது விடுவர். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தூப்ளே துரையின் துபாசியாய் விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). ஆளுநர் மாளிகைக்குள் மேளதாளத்துடன் பல்லக்கிற் செல்லுதல், பொற்பூணிட்ட கைத்தடி ஏந்துதல், மிதியடியைக் கழற்றாது உட்புகுதல் ஆகிய சிறப்புக்களை அவர் பெற்றிருந்தனர் என்பது வரலாறு. மிதியடி அணிதலும் ஒரு விருதாக எண்ணப்பட்ட காலம் அது. விருது என்பது கொடுப்பான் கையில் உள்ளது. ஒருவர்க்கு ஈந்து, பலர்க்கு மறுக்கப்படுவது.

நிற்க. ஒரு நூற்றாண்டுக்குமேற் கழிந்து, 1873 ஆம் ஆண்டில், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் நம் நாட்டு உடையுடன் ஐரோப்பியச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து புதுவை நீதிமன்றம் புகுந்தனர். அதனை நீதிபதி மன்றத்துக்கு அவமதிப்பெனக் கொண்டு அவரைத் தண்டித்தனர். பிள்ளையோ பணிந்திலர். பாரிசு மாநகரத்து உயர்நீதிமன்றமாகிய 'கூர் தெ கசாசியோன்' வரை முறையிட்டு வெற்றி கண்டனர். ஆனந்தரங்கர்க்கு விருதாய் வந்தது, பொன்னுத்தம்பியார்க்கு உரிமையாய் வாய்த்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்க.

பின்னர், 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரவும், குடும்பப் பெயரொன்று பூணவும் அது இந்தியர்க்கு இடந்தந்தது. பொன்னுத்தம்பியாரும் துறந்து 'லப்போர்த்' எனப் பெயர் பூண்டார்; அச்சொல்லுக்கு 'வாயில்' என்பது பொருள். அங்ஙனம் துறந்தோரை 'ரெனோன்சான்' என்பர். கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட குலத்தாருமே அவருட் பெரும்பாலார். பிறர் மோகமென்று நகைத்த காற்சட்டையும் சப்பாத்தும், அவருட் பலர்க்கு நிமிர்ந்து நடக்கும் துணிவாயிருந்தன.

இனி நம் ஊர்ப்புறத்தை நோக்குவோம். வில்லியனூரும் பாகூரும் 1880 ஆம் ஆண்டிலேயே கொம்யூன்களாயின. ஆயினும், சட்டம் புகுந்த வேகத்தில் மனம் மாறிற்றா? தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், குறித்த தெருவில் நுழையுங்கால் சிலர் செருப்பைக் கையில் ஏந்தியே செல்லவேண்டும் என்னும் கொடுவழக்கு இருந்தமை யாவரும் அறிவர். நீதிபதி ஒருவர் செய்த அதே காரியத்தை நம்மவர் தெருத்தோறும் செய்தனர் அன்றோ? இந்திய நாட்டில் 1955 ஆம் ஆண்டிற் பிறந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், அணிகலனும் அலங்காரமும் பூணுதலைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதையும் குற்றமெனக் கூறவேண்டியிருந்தது.

சகோதரர்களே! நம் வேட்டியும் சேலையும் அழகியனவே. அவற்றைப் போற்றுதல் நம் கடன். எனினும், இளைஞர் அணியும் புத்துடையைக் கண்டு சினப்பதற்கு முன்னர், அவ்வுடை முன்பு எவர்க்கு மறுக்கப்பட்டதென வினவுதல் வேண்டும். தான் விரும்பி அணிவதே மரபு. பிறர் அஞ்சுவித்து அணிவிப்பது விலங்கு. நம் சங்கத்தார் இதனை உளங்கொள்வாராக.