விடுதித் தாளில் ஒரு பாட்டு

என் அத்தை கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கியது இந்தத் தேடல். அவளுடைய மகன், எனக்கு அத்தான், காலமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. நினைவு நாள் ஜெபத்துக்காக வீட்டில் கூடியிருந்தோம். செய்தி கொடுக்க வந்தவர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதையைச் சொன்னார். கிறிஸ்தவ வீட்டில் துக்கம் நேர்ந்தால் என்றைக்காவது காதில் விழுந்துவிடும் கதை அது. நான்கு பெண் பிள்ளைகளையும் கடலில் பறிகொடுத்த சிகாகோ வழக்கறிஞர், உயிர் தப்பிய மனைவியை அழைத்துவரக் கப்பலேறுகிறார். பிள்ளைகள் மூழ்கிய இடம் வந்ததும் கேப்டன் வந்து சொல்கிறார். அன்றிரவே தன் அறையில் உட்கார்ந்து 'இட் இஸ் வெல் வித் மை சோல்', அதாவது என் ஆத்துமா சுகமாயிருக்கிறது என்ற பாட்டை எழுதி முடிக்கிறார்.

எல்லாரும் போனபின் அத்தை தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏ மருமவனே, அந்த மனுசனுக்கு ஒரே ராத்திரியில மனசு ஆறிட்டாமா? எனக்கு இன்னும் ஆறலயே. அப்ப என் விசுவாசம் அம்புட்டுத்தானா?"

எனக்குப் பதில் வரவில்லை. பழைய காகிதங்களோடு காலம் தள்ளுகிறவன் நான். ஒரு சம்பவத்தை யார் முதலில் சொன்னார், எப்போது சொன்னார், சொன்னவர் அங்கே இருந்தாரா என்று பார்ப்பதுதான் என் தொழில். பள்ளி நாளிலிருந்து பாடிவரும் இந்தப் பாட்டை மட்டும் ஒருநாளும் அப்படி விசாரித்ததில்லை. அன்று இரவே தொடங்கினேன்.

கப்பலில் எழுதிய பாட்டு என்ற கதையைப் பின்னோக்கித் துரத்தினால் அது ஒரு புத்தகத்தில் போய் நிற்கிறது. ஸ்பாஃபோர்டின் மகள் பெர்த்தா ஸ்பாஃபோர்ட் வெஸ்டர் 1950இல் வெளியிட்ட 'அவர் ஜெருசலேம்'. தந்தை நடுக்கடலில் பாட்டை எழுதினார் என்கிறார் பெர்த்தா. அவர் நேர்மையானவர், பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தவர். ஆனால் கப்பல் மூழ்கியது 1873இல், அவர் பிறந்தது 1878இல். அன்பான சாட்சிதான், கண்ட சாட்சி அல்ல.

இரண்டாவது சாட்சி ஐரா சாங்கி. சுவிசேஷகர் டுவைட் மூடியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். தான் பாடிய பாட்டுகளின் வரலாற்றைத் தொகுத்து வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு தீவிபத்தில் எரிந்து போனது. பிறகு கண்பார்வையையும் இழந்த அவர், நினைவிலிருந்து மறுபடி சொல்லி 1906 வாக்கில் புத்தகமாக்கினார். 1876இல் சிகாகோவில் கூட்டங்கள் நடந்தபோது தான் சில வாரங்கள் ஸ்பாஃபோர்ட் வீட்டிலேயே தங்கியிருந்ததாகவும், பாட்டு எழுதப்பட்டது அப்போதுதான் என்றும் அதில் சொல்கிறார்.

1873 டிசம்பரா, 1876ஆ? நடுவே மூன்று வருடம். அத்தையின் கேள்விக்கு விடை அந்த மூன்று வருடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சாட்சிகள் முரண்படும்போது காகிதத்திடம்தான் போக வேண்டும்.

ஸ்பாஃபோர்ட் குடும்பக் காகிதங்கள் இன்று வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில், 'அமெரிக்கன் காலனி இன் ஜெருசலேம்' என்ற தொகுப்பில் இருக்கின்றன. பலவற்றைப் படமெடுத்து இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள். முதலில் நான் தேடியது அந்தத் தந்தியை.

'வில் து ஆவ்ர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் 1873 நவம்பர் 15 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. 22ஆம் தேதி பின்னிரவில் 'லோக் எர்ன்' என்ற பிரிட்டிஷ் பாய்மரக் கப்பலோடு மோதிப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூழ்கியது. 226 பேர் இறந்தார்கள், 87 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் ஸ்பாஃபோர்டின் மனைவி அன்னாவும் ஒருவர். வேறொரு கப்பல் அவர்களை வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்துதான் கணவருக்குத் தந்தி போனது.

பிரசங்கங்களில் அந்தத் தந்திக்கு இரண்டே சொல்: 'சேவ்ட் அலோன்'. தனியே பிழைத்தேன். திரையில் தந்தித் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வாசகம் அதோடு நிற்கவில்லை. அடுத்ததே, நான் என்ன செய்ய என்ற கேள்வி. பிறகு உடன் பயணம் செய்து இறந்தவர்கள்: திருமதி குட்வின், பிள்ளைகள், வில்லி கல்வர். பதில் வரும்வரை லோரியோவோடு போகிறேன் என்ற தகவல். கடைசியில் பாரிஸ் நகரத்தில் அபூகிர் தெரு 64ஆம் எண் முகவரி. லோரியோ அதே கப்பலில் வந்து பிழைத்த பிரெஞ்சுப் போதகர்.

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட அன்னா எழுதவில்லை. 'தனியே' என்ற சொல்லுக்குள் நால்வரும் அடங்கிவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறாள். சிகாகோவில் அந்தப் பையனைப் பெற்றவர்களுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே! தந்தியைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் 'என்ன செய்ய' என்ற அந்தக் கேள்வியை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தந்தியின் உயிர். கடவுளை நம்புகிற ஒரு பெண், ஒன்றும் புரியாமல் புருஷனிடம் கேட்கிறாள்.

அடுத்து கப்பல் பயணம். ஸ்பாஃபோர்ட் உடனே புறப்பட்டது உண்மை. பிள்ளைகள் மூழ்கிய இடத்தைக் கடந்ததும் உண்மை. அந்தக் கப்பலில் அவர் எழுதியதாகத் தெளிவாகச் சான்று இருப்பது ஒரு கடிதத்துக்கு. அன்னாவின் சகோதரி ரேச்சலுக்கு எழுதியது. வியாழக்கிழமை அந்த இடத்தைக் கடந்தோம், அங்கே தண்ணீர் மூன்று மைல் ஆழம், ஆனால் நம் பிள்ளைகள் அங்கே இருப்பதாக நான் நினைக்கவில்லை, மந்தையில் சேர்ந்த ஆட்டுக்குட்டிகளாகப் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். ஆழத்தை அளந்து சொல்கிற அந்த இடத்தில் எனக்கு நெஞ்சடைத்தது. அந்த எண்ணை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நம்பிக்கையைச் சொல்வதற்கு முன் ஆழத்தைச் சொல்கிறார்.

பிறகுதான் பாட்டின் கையெழுத்துப் பிரதியைத் திறந்தேன். தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்தது ஒரு விடுதியின் பெயர்: பிரெவோர்ட் ஹவுஸ், சிகாகோ.

கப்பல் தாள் இல்லை, ஊர்த் தாள். சிகாகோவில் எடுத்த தாளைப் பெட்டியில் வைத்துக் கப்பலுக்கும் கொண்டுபோயிருக்கலாமே என்று என்னை நானே மறுத்துப் பார்த்தேன். காகிதம் மட்டும் வழக்கை முடிக்காது. அச்சு வரலாற்றையும் பக்கத்தில் வைத்தேன். ஃபிலிப் பிளிஸ் மெட்டமைத்து, 1876இல் 'காஸ்பல் ஹிம்ஸ்' இரண்டாம் தொகுதியில் பாட்டு வெளியானது. மெட்டுக்கு வைத்த பெயரே 'வில் து ஆவ்ர்'. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஆஷ்டபுலா ரயில் பாலம் இடிந்து பிளிஸும் அவர் மனைவியும் இறந்தார்கள். பாட்டு முடிந்து அரங்கேறிய காலம் 1876 என்பதில் சாங்கியும் தாளும் அச்சும் ஒத்துப்போகின்றன. கடலில் விழுந்தது வித்து என்று பெர்த்தாவின் சொல்லுக்கும் இடம் கொடுக்கலாம், அந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. பயிர் விளைந்தது மூன்று வருடம் கழித்து, கரையில். என் தீர்ப்பு இதுதான்.

பிரதியில் இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. இன்று நாம் பாடும்போது, கர்த்தர் என்னைச் 'சொல்ல'க் கற்பித்தார் என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. ஸ்பாஃபோர்ட் தன் கையால் எழுதியிருப்பது 'சொல்ல' அன்று, 'அறிய'. பாட்டு முடியும் இடத்தில் என் ஆத்துமா சுகமாயிருக்கிறது என்று நாம் பாடுவதும் பிரதியில் இல்லை. அங்கே இரவில் பாடும் பாட்டு என்ற பொருளில் வேறு சொற்கள். அச்சுக்குப் போகும் வழியில் யாரோ விடிய வைத்துவிட்டார்கள். எழுதியவர் தாளில் இன்னும் இரவுதான்.

இதையெல்லாம் குறித்துவைத்த நாளில், குடும்பத்தின் பிறப்பு இறப்புத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். நான் தேடாமலே கிடைத்தது இது. 1875 நவம்பரில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். தந்தையின் பெயரே அவனுக்கும், ஹொரேஷியோ. மூடியும் சாங்கியும் சிகாகோ கூட்டங்களைத் தொடங்கியது 1876 அக்டோபரில். சாங்கி அந்த வீட்டில் தங்கிய வாரங்களில் அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு வயது. அதாவது அந்தப் பாட்டு உருவான வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்திருக்கும், நிலையைப் பிடித்து எழுந்து நின்றிருக்கும். எந்தப் பிரசங்கத்திலும் இந்தக் குழந்தை வருவதில்லை. மூழ்கும் கப்பலும் தனியறையும் மெழுகுவர்த்தியும் வருகின்றன. மறுபடி பிள்ளை பெற்று வளர்க்கத் துணிந்த ஒரு தாயும், ஊர் திரும்பியதிலிருந்து துணைநின்ற நட்பும் சுற்றமும் கதையிலிருந்து விழுந்துவிட்டார்கள். எடின்பரோவில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த மூடி அதை விட்டுவிட்டு லிவர்பூல் வரை போய் இவர்களுக்கு ஆறுதல் சொன்னார் என்று சாங்கி எழுதுகிறார். அதையும் யாரும் சொல்வதில்லை.

அந்தப் பிள்ளையும் நிலைக்கவில்லை. 1880 பிப்ரவரியில் ஸ்கார்லெட் காய்ச்சலில் நான்கு வயதில் போய்விட்டான். பாட்டை எழுதி நான்கு வருடம்கூட ஆகவில்லை. இத்தனை அடி விழுந்தால் அது தேவ தண்டனையாகத்தான் இருக்கும் என்ற பேச்சு சபைக்குள் கிளம்பியது. ஸ்பாஃபோர்ட் அந்தப் போதனையை ஏற்காமல் சபையை விட்டு விலகினார். 1881இல் அன்னாவோடும் பெர்த்தா, கிரேஸ் என்ற இரண்டு சிறு பெண்களோடும் ஒரு சிறு கூட்டத்தோடும் எருசலேம் போய்ச் சேர்ந்தார். பின்னால் அடைக்காத கடன்கள் இருந்தன. இதைச் சொல்லாமல் விடுவது ஆய்வாகாது. 1888இல் அங்கேயே இறந்தார். அன்னா 1923 வரை இருந்தார். தமஸ்கு வாசலுக்கருகே கோட்டைச் சுவரை ஒட்டிய அவர்கள் வீட்டில் 1925இல் தாயற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார் பெர்த்தா. அதற்குத் தன் தாயின் பெயரை வைத்தார். அது இன்றும் குழந்தைகளுக்கான மையமாக நடந்துவருகிறது.

இந்தக் குறிப்புகளோடு அத்தை வீட்டுக்குப் போனேன். மடிக்கணினியில் தந்தியைக் காட்டினேன், விடுதித் தாளைக் காட்டினேன். ஆங்கிலம் அவளுக்கு வாசிக்க வராது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பாட்டின் பொருளைச் சொல்லும்போது இடையில் நிறுத்தினாள்.

"இது சூனேம்காரி சொன்னதுல்லா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவளே வேதாகமத்தை எடுத்து இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தைப் புரட்டினாள். செத்த பிள்ளையை எலிசாவின் கட்டிலில் கிடத்திவிட்டு, கழுதையேறி அவரைத் தேடிப் போகிறாள் அந்தத் தாய். எதிரே வந்த வேலைக்காரன் பிள்ளை சுகமா என்று கேட்கிறான். 'சுகந்தான்' என்கிறாள். அதற்கு அடுத்த வசனத்திலேயே எலிசாவின் காலைக் கட்டிக்கொள்கிறாள். அவள் ஆத்துமா துக்கத்தில் இருக்கிறது, விடு என்கிறார் அவர். ஆங்கில வேதத்தில் அவள் சொன்ன பதில் அந்தப் பாட்டின் தலைப்பிலுள்ள முதல் மூன்று சொற்களேதான். இத்தனை நாள் காகிதம் காகிதமாகத் தேடிய எனக்கு இது தோன்றவில்லை. பிள்ளையைக் கொடுத்தவளுக்குத் தோன்றியது.

"சுகந்தான்னு சொன்னா. காலையும் கட்டிக்கிட்டு அழுதா. ரெண்டும் செஞ்சிருக்கா" என்றாள் அத்தை. விரலை அந்த வசனத்திலிருந்து எடுக்கவில்லை.

பிறகு மூன்று வருடம் என்று நான் சொன்னது சரிதானா என்று மறுபடி கேட்டாள். சரிதான் என்றேன். "அப்ப வீட்டுல கைப்பிள்ளை இருந்திச்சா?" இருந்தது என்றேன்.

வேதாகமத்தின் கடைசி வெள்ளைத் தாளைத் திறந்தாள். அதில் அத்தானின் பெயர், பிறந்த தேதி, போன தேதி. என்னிடம் பேனாவை நீட்டினாள்.

"அந்தப் புள்ளைக பேரை எழுது. மூத்ததுல இருந்து."

அன்னி, மேகி, பெஸ்ஸி, டானெட்டா என்று எழுதினேன். அதற்குக் கீழே சிறிய ஹொரேஷியோவையும் எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வயசையும் போடு" என்றாள்.