மரக்கட்டையில் பிறந்த மவுஸ்

"டாக்டர், அஞ்சாயிரம் ரூபா மவுஸ் வாங்குனா மணிக்கட்டு வலி போயிருமா?" நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்ல நாள் பூரா எக்ஸெல் உருட்டறவங்க கேக்கற கேள்வி. முதல்ல கொஞ்சம் வரலாறு.

1964, கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம். யோசனை டக்ளஸ் எங்கல்பார்ட்டோடது. மரக்கட்டையைக் குடைஞ்சு செஞ்சவர் பில் இங்கிலீஷ். அடியில ரெண்டு சக்கரம், மேல ஒரே பட்டன்.

லைட் பென், ஜாய்ஸ்டிக், ஏன், முழங்காலால நகர்த்தற கருவி வரைக்கும் போட்டிக்கு வச்சுப் பார்த்தாங்க. அளந்தது வேகத்தையும் பிழையையும். பழகுன கைக்கு மவுஸ்தான் ஜெயிச்சது.

1970-ல் காப்புரிமை கிடைச்சது, நிறுவனத்துக்கு. எங்கல்பார்ட்டுக்கு ராயல்டி பைசா வரல!

1996-ல் மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் ஸ்க்ரோல் வீலைப் பரவலாக்குச்சு. 1999-ல் அவங்களோட ஆப்டிகல் மவுஸ். பந்தைக் கழட்டி அழுக்கு சுரண்டுன தலைமுறைக்கு அதோட அருமை தெரியும்.

இப்ப கேள்விக்கு வர்றேன். நீளமான பட்டியல் உருட்டறவங்களுக்கு நல்ல வீல், பக்கவாட்டு பட்டன் எல்லாம் நேரத்தை மிச்சம் பண்ணும், தாராளமா வாங்குங்க. கைக்கு அளவா இருக்கான்னு கடையிலயே பிடிச்சுப் பாருங்க.

ஆனா ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகுதா? அது மணிக்கட்டுல நரம்பு அழுத்தமா இருக்கலாம். மவுஸ் கடைக்கு முன்னாடி ஜிஹெச் ஓபிக்கு வாங்க. சீட்டு இலவசம்.