ஓட்டக்காரருக்கு முதலிடமா?

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தை ஏந்தி எதிரணியின் அரணை ஊடறுத்து ஓடுபவரை 'ரன்னிங் பாக்' என்பர். ஆண்டுதோறும் பல்கலைக்கழக வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. அந்த அரிய உரிமையை ஓட்டக்காரர் ஒருவருக்காகச் செலவிடலாமா என்பது பழைய வழக்கு.

1995இல் சின்சினாட்டி கழகம், கரோலினாவிடமிருந்து முதலிடத்தை விலைகொடுத்துப் பெற்று, கி-ஜானா கார்ட்டரைத் தெரிவு செய்தது. பருவம் தொடங்குமுன்னரே, முன்னோட்டப் போட்டியொன்றில் அவரது முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன்பின் 2025 வரை எந்த ஓட்டக்காரருக்கும் முதலிடம் கிட்டவில்லை. அதே 1995இல் ஆறாம் சுற்று வரை எவரும் கண்டுகொள்ளாத டெரல் டேவிஸோ, 1998இல் 2,008 யார் தூரம் ஓடி டென்வருக்கு வாகை சூட்டினார்!

1999இல் நியூ ஓர்லியன்ஸ் பயிற்றுநர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒருவருக்காக அவ்வாண்டின் தெரிவுகள் அனைத்தையும் மறுஆண்டின் இரண்டையும் தாரை வார்த்தார். வெற்றி 3, தோல்வி 13. டிட்காவின் பதவி பறிபோயிற்று.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 2011 முதல், முதற் சுற்று வீரரை நான்கு ஆண்டுகளும், கழகம் விரும்பின் ஐந்தாம் ஆண்டும், முன்கூட்டியே வரையறுத்த ஊதியத்தில் வைத்திருக்கலாம். பேரம் பேசும் உரிமை கைக்கு வரும்போது ஓட்டக்காரரின் கால்கள் தேய்ந்துவிடுகின்றன. கழகங்கள் இதனைச் சிக்கனம் என்கின்றன.

சாகுவான் பார்க்லி இதற்கு விதிவிலக்கு. 2018இல் அவரை இரண்டாமிடத்தில் எடுத்த நியூயோர்க் ஜயண்ட்ஸ், அவருக்கு வழிதிறக்கும் வலிய அரண் அமைக்கத் தவறியது. 2020இல் முழங்கால் காயம். 2024இல் அவர் விலகிச் செல்ல, தெரிவு உரிமை எதனையும் இழக்காமல் பணத்தால் மட்டுமே பெற்றது பிலடெல்பியா. அப்பருவத்தில் அவர் ஓடியது 2,005 யார், வாகையும் பிலடெல்பியாவுக்கே.